செல் உசுரோட இருக்கா?

பொங்கலுக்குச் சிவகிரி போயிருந்தேன். மாமாவுக்கு மலையடிவாரத்தில் கொஞ்சம் எலுமிச்சை உண்டு, காயெல்லாம் புளியங்குடி மார்க்கெட்டுக்குப் போகும். தோட்டத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோது நான் என்னதான் வேலை பார்க்கிறேன் என்று பத்தாவது முறையாகக் கேட்டார். போனில் இருந்த ஒரு படத்தைக் காட்டினேன். கறுப்புப் பின்னணியில் பச்சையாக, நூல் நூலாக மைட்டோகாண்ட்ரியா. பார்த்துவிட்டு, போனைத் திருப்பிக் கொடுக்காமலேயே கேட்டார்.

"இது படம் புடிக்கும்போது உசுரோட இருந்துச்சா மருமவனே, இல்ல செத்ததா?"

"உசுரோடதான் மாமா."

"புடிச்சதுக்கப்புறம்?"

நான் டக்கென்று பதில் சொல்லவில்லை. காரணம், இந்த ரெண்டாவது கேள்வியில்தான் என் வாழ்க்கையில் மூணு மாசம் போயிருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் குறிப்பு. போகிற வழியில், உயிருள்ள செல்லைப் படம் பிடிக்க ஏன் ஒரே ஒரு நுண்ணோக்கி முறை போதாது, ஏன் ரெண்டு மூணு முறைகளைச் சேர்த்துப் பின்ன வேண்டியிருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் சுவர் எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். மாமா வீட்டு மொட்டை மாடியில் ராத்திரி நின்று வாசுதேவநல்லூர் ரோட்டுப் பக்கம் பார்த்தால், தூரத்து விளக்குகள் எல்லாம் சேர்ந்து ஒரே மங்கலான ஒளித் திட்டாகத் தெரியும். பக்கத்து விளக்குகள் தனித்தனியாகத் தெரியும். நுண்ணோக்கியிலும் இதே கதைதான். ஒரு புள்ளியிலிருந்து வரும் ஒளி லென்ஸ் வழியாக வந்து மறுபடி புள்ளியாகக் குவிவதில்லை, கொஞ்சம் பரவி ஒரு திட்டாகத்தான் விழும். அந்தத் திட்டு எவ்வளவு பெரிசு என்பதை 1873-ல் எர்ன்ஸ்ட் அப்பே எழுதி வைத்தார். ஜெர்மனியில் யேனா ஊரில் அவர் நினைவுச் சின்னத்திலேயே அந்தச் சூத்திரத்தைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். ஒளியின் அலைநீளத்தை, லென்ஸ் எவ்வளவு அகலமான கோணத்திலிருந்து ஒளியை வாங்குகிறது என்பதைக் குறிக்கும் எண்ணின் இரண்டு மடங்கால் வகுக்க வேண்டும். பச்சை ஒளிக்கு அலைநீளம் 520 நானோமீட்டர், நல்ல எண்ணெய் லென்ஸுக்கு அந்த எண் 1.4. வகுத்தால் சுமார் 186. பேச்சு வழக்கில் 200 நானோமீட்டர் என்போம்.

இதைவிட நெருக்கமாக இருக்கும் ரெண்டு பொருள்கள் ஒரே திட்டாகிவிடும். செல்லுக்குள் சுவாரசியமான விஷயம் பாதிக்கு மேல் இந்த 200-க்குக் கீழேதான் நடக்கிறது. மைட்டோகாண்ட்ரியாவின் உள்மடிப்புகள், ஒரு நரம்பு இன்னொன்றோடு பேசும் இடத்தில் இருக்கும் சின்னப் பைகள், 25 நானோமீட்டர் தடிமனுள்ள நுண்குழல்கள், எல்லாம்.

எலக்ட்ரான் நுண்ணோக்கி இருக்கிறதே, எக்ஸ்-கதிர் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணனின் குழு 2000-ல் ரைபோசோமின் 30எஸ் என்ற சின்னத் துணைப்பகுதியை அணு அணுவாகக் காட்டியது, 2009-ல் நோபல் வந்தது. ஆனால் அது படிகம். உள்ளே ஒன்றும் அசையாது. அந்த 30எஸ் பிறகு இந்தக் கதையில் இன்னொரு முறை வரும், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, ஒளியை வைத்தே இந்தச் சுவரை எப்படித் தாண்டினார்கள்? மூன்று வழிகள். 2014-ல் வேதியியல் நோபல் வாங்கியது இதில் ரெண்டு.

முதல் வழி ஸ்டெட். ஸ்டெஃபான் ஹெல் 1994-ல் பின்லாந்தில் இருந்தபோது எழுதிய யோசனை. ஒரு லேசரால் செல்லில் ஒரு திட்டை ஒளிர வைக்கிறோம். அது 200 நானோமீட்டருக்குக் குறையாது, சரி. உடனே இன்னொரு லேசரை அதன் மேல் அடிக்கிறோம். இந்த ரெண்டாவது கற்றையின் வடிவம் அப்படியே உளுந்த வடை, நடுவில் ஓட்டை. வடை படுகிற இடத்திலெல்லாம் ஒளிரும் மூலக்கூறுகள் அணைந்துவிடும், ஓட்டைக்குள் இருப்பவை மட்டும் மிஞ்சும். வடை லேசரின் சக்தியைக் கூட்டக் கூட்ட ஓட்டை சுருங்கும். இதை வைத்துப் புள்ளி புள்ளியாக நகர்த்திப் படம் வரைய வேண்டியதுதான். சக்தியைக் கூட்டக் கூட்டத் தெளிவு. இந்த வாக்கியத்தில்தான் வில்லங்கம் இருக்கிறது, பிறகு வருகிறேன்.

ரெண்டாவது வழியின் பெயரைத் தமிழில் 'பாம்' என்று எழுதினால் வெடிகுண்டு மாதிரி இருக்கும். பால்ம் என்று வைத்துக்கொள்வோம். மொட்டை மாடிக்கே திரும்பலாம். ஊரே கரண்ட் போய் இருட்டாக இருக்கிறது. ஒவ்வொரு வீடாக, ஒரு நேரத்தில் ஒரே ஒரு விளக்கு மட்டும் எரிந்து அணைகிறது என்று வையுங்கள். ஒவ்வொன்றும் மங்கல் திட்டுதான். ஆனால் ஒரே விளக்கு என்று தெரிந்தால் அந்தத் திட்டின் நடு எங்கே என்று குறித்துவிடலாம். ஆயிரம் விளக்கையும் இப்படித் தனித்தனியாகக் குறித்தால் ஊரின் வரைபடம் வந்துவிடும். மூலக்கூறுகளை அப்படி ஒவ்வொன்றாக எரிய வைக்க, ஒளி பட்டால் விழித்துக்கொள்ளும் ஒளிர்புரதம் வேண்டும். அதை 2002-ல் ஜார்ஜ் பாட்டர்சனும் ஜெனிஃபர் லிப்பின்காட்-ஸ்வார்ட்ஸும் செய்திருந்தார்கள். எரிக் பெட்சிக் அப்போது ஆராய்ச்சியை விட்டுவிட்டு அப்பாவின் எந்திரக் கம்பெனியில் வேலை பார்த்து, அதிலிருந்தும் வெளியே வந்திருந்த ஆள். நண்பர் ஹரால்ட் ஹெஸ்ஸின் வீட்டு ஹாலில் வைத்துத்தான் முதல் கருவியைக் கட்டினார்கள். 2006-ல் கட்டுரை வந்தது. அதே வருஷம் ஷியாவ்வெய் ஷுவாங் குழுவின் ஸ்டார்மும் வந்தது, தத்துவம் ஒன்றேதான்.

நடுவை எவ்வளவு துல்லியமாகக் குறிக்கலாம் என்பதற்கு ஒரு எளிய கணக்கு உண்டு. திட்டின் பரவல் சுமார் 100 நானோமீட்டர் என்றால், அதைக் கிடைத்த ஃபோட்டான்களின் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும். 100 ஃபோட்டான் கிடைத்தால் 10 நானோமீட்டர். 1 நானோமீட்டர் வேண்டுமென்றால் 10,000 ஃபோட்டான் வேண்டும். ஆனால் ஒரு ஒளிர்புரதம் நிரந்தரமாக அணைவதற்குள் மொத்தமாகக் கொடுப்பதே பத்தாயிரக் கணக்கில்தான், மிஞ்சிப்போனால் லட்சம். கோடையில் தோட்டத்துக் கிணறு மாதிரி. இருக்கிற தண்ணி இவ்வளவுதான், எந்த மரத்துக்கு எப்போ பாய்ச்சுவது என்பது உங்கள் பாடு.

மூன்றாவது வழி சிம். போன் சிம் இல்லை. இதைப் புரிந்துகொள்ளக் கொசுவலை போதும். வலையின் ஒரு மடிப்பை இன்னொரு மடிப்பின் மேல் போட்டு லேசாகத் திருப்புங்கள். கண்ணுக்கு அகலமான அலை அலையான கோடுகள் தெரியும். அந்த அலைகள் ரெண்டு வலையிலுமே கிடையாது, ரெண்டும் சேர்ந்ததால் வந்தவை. ஒரு வலையின் இழை அளவு தெரிந்தால், அந்த அகலக் கோட்டை வைத்து இன்னொரு வலையின் இழையைக் கணக்குப் போட்டு எடுத்துவிடலாம், அது கண்ணுக்கே தெரியாத அளவு நெருக்கமாக இருந்தாலும். மாமா பொண்ணுக்கு இதைச் செய்து காட்டினேன். கணக்கைவிட அலைகள் ஓடுவதுதான் அவளுக்குப் பிடித்தது, அது வேறு விஷயம்.

சிம்மில் முதல் வலை நாம் செல்லின் மேல் போடும் வரிவரியான ஒளி. ரெண்டாவது வலை செல்லின் உள்ளமைப்பு. வரிகளை மூன்று கோணத்தில், ஒவ்வொரு கோணத்திலும் மூன்று இடத்துக்கு நகர்த்தி, ஒன்பது படம் எடுத்துக் கணினியில் சேர்த்தால் தெளிவு இரண்டு மடங்காகும், அதாவது 100 நானோமீட்டர் வாக்கில். அதற்கு மேல் போகாது. வரிகளும் ஒளியால்தானே போடப்படுகின்றன, அவையும் அப்பே சொன்ன எல்லைக்குள்தான் நெருங்க முடியும். மாட்ஸ் குஸ்டாஃப்சன் இதை 2000-ல் செய்து காட்டினார். 2011-ல் மூளைக் கட்டியால் இறந்துபோனார். மூன்று வருஷம் கழித்து வந்த நோபல் பட்டியலில் இந்த முறை இல்லை. என்னைக் கேட்டால் உயிருள்ள செல்லுக்கு மற்ற ரெண்டையும்விட அதிகம் உழைத்தது இதுதான்.

ஏன் என்று சொல்ல, வெயிலில் இருந்து தொடங்க வேண்டும். உச்சி வெயிலில் ஒரு சதுர சென்டிமீட்டரில் விழும் சக்தி சுமார் 0.1 வாட். செல்கள் பரிணமித்ததெல்லாம் இந்த அளவு ஒளிக்குத்தான், அதுவும் பெரும்பாலானவை தோலுக்கு அடியில் இருட்டில். சிம்முக்கு ஒரு சில வாட்டிலிருந்து நூறு வாட் வரை போதும். பால்ம், ஸ்டார்முக்கு ஆயிரம் முதல் பத்தாயிரம் வாட், வெயிலைப்போல் பத்தாயிரம் முதல் லட்சம் மடங்கு. ஸ்டெட்டின் வடை லேசர் பத்து லட்சம் வாட்டையும் தாண்டும். ஒரு கோடி வெயில். ஒவ்வொரு இடத்திலும் மைக்ரோநொடிக் கணக்கில்தான் நிற்கிறது என்பது கொஞ்சம் ஆறுதல்.

அவ்வளவு வெளிச்சத்தில் செல் உடனே வெந்துபோகாது. அப்படி வெந்துபோனால்கூட நல்லது, நமக்குத் தெரிந்துவிடும். ஒளி வாங்கிய சாய மூலக்கூறு பக்கத்து ஆக்சிஜனைக் கிளறிவிடும், அந்த ஆக்சிஜன் பக்கத்தில் இருப்பதையெல்லாம் அரிக்கும், செல் மெதுவாக, வெளியே காட்டிக்கொள்ளாமல் நோயாளி ஆகும். நீல, ஊதா ஒளி மோசம், சிவப்பு பரவாயில்லை.

இப்போது என் மூணு மாசம். அப்போது நான் இருந்த ஆய்வகத்தில் ஸ்டெட் புதுசாக வந்திருந்தது. மைட்டோகாண்ட்ரியாவுக்குப் பச்சைச் சாயம் போட்டு, உயிருள்ள செல்லில் தொடர்ந்து படமெடுத்தேன். முதல் படத்தில் நீள நீளமான நூல்கள், உள்மடிப்புகூட வரிவரியாகத் தெரிந்தது. ரெண்டு நிமிஷத்தில் நூல்கள் துண்டு துண்டாகி, உருண்டையாகி, முத்து முத்தாக நின்றன. ஒவ்வொரு செல்லிலும் அதே. மைட்டோகாண்ட்ரியா பிளவை இவ்வளவு தெளிவாக நேரில் பார்க்கிறேன் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. மடிப்பு எந்த இடத்தில் முதலில் உடைகிறது, எவ்வளவு நேரம் ஆகிறது என்று அட்டவணை போட்டேன். கட்டுரைக்குத் தலைப்புகூட எழுதி வைத்துவிட்டேன், இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. அம்மாவிடம் போனில் "பெரிசா ஒண்ணு கெடச்சிருக்கும்மா"ன்னு வேறு சொல்லியாச்சு.

சீனியர் அக்கா ஒருத்தங்க படங்களைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு விஷயம் கேட்டாங்க. "நீ லேசர் அடிக்காத பக்கத்து செல்லு எப்படி இருக்கு?"

நான் பார்த்ததே இல்லை. அன்று ராத்திரி, படமெடுத்து முடித்த தட்டை அப்படியே சாதாரண ஒளிர்வு நுண்ணோக்கியில், குறைந்த வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். நான் ஸ்கேன் செய்த சதுரம் தெளிவாகத் தெரிந்தது. சதுரத்துக்குள் எல்லாம் முத்து. சதுரத்துக்கு வெளியே, அதே தட்டில், அதே செல் வகையில், நீள நீளமான நூல்கள் சாவகாசமாக அசைந்துகொண்டிருந்தன. ஒரு செல் பாதி சதுரத்துக்குள்ளும் பாதி வெளியிலும் இருந்தது. உள்ளே இருந்த பாதி முத்து, வெளியே இருந்த பாதி நூல். நான் மூணு மாசமாக அளந்தது பிளவு இல்லை. என் லேசர் செய்த காயத்தை, காயம் ஆகும் வேகத்தை, மிக மிகத் துல்லியமாக அளந்திருக்கிறேன்.

இதில் தப்பு என்னுடையதுதான், கருவியுடையது இல்லை. ஆனால் ஒரே கருவியை மட்டும் வைத்துக்கொண்டிருந்தால் இந்தத் தப்பு கண்ணில் படவே படாது என்பதை அன்றைக்குக் கற்றுக்கொண்டேன். தெளிவு குறைவான, ஆனால் சாதுவான இன்னொரு கண் தேவைப்பட்டது.

தெளிவை இரண்டு மடங்காக்க எவ்வளவு விலை என்று ஒரு தரம் கணக்குப் போட்டுப் பாருங்கள். நீளம், அகலம், உயரம் மூன்றிலும் கட்டத்தைப் பாதியாக்கினால், அதே இடத்தில் எட்டு மடங்கு கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் பழைய அளவு ஃபோட்டான் வேண்டுமென்றால் எட்டு மடங்கு ஒளி. அதோடு முடியவில்லை. கட்டம் பாதியாகிவிட்டதால் நகரும் பொருள் பாதி நேரத்திலேயே கட்டத்தைத் தாண்டிவிடும், எனவே இரண்டு மடங்கு வேகமாகவும் படம் எடுக்க வேண்டும். ஆக, பதினாறு மடங்கு. இதை எந்த ஒரு முறையும் மாயமாக்கிவிடாது. தெளிவு, வேகம், எவ்வளவு நேரம் பார்க்கலாம், செல்லின் உடல்நலம் எல்லாம் ஒரே கிணற்றில்தான் தண்ணி இறைக்கின்றன. உதாரணமாக 2008-ல் ஹரி ஷ்ராஃப், பெட்சிக் குழுவோடு பால்மை உயிருள்ள செல்லில் செய்தபோது 60 நானோமீட்டர் தெளிவுக்கு ஒரு படத்துக்கு 25 நொடி ஆனது. செல் தரையைப் பிடித்துக்கொள்ளும் ஒட்டுப்புள்ளிகள் மெதுவாக நகர்பவை, அதனால் அது செல்லுபடியானது. வேகமாக ஓடும் ஒரு பையை 25 நொடியில் எடுத்தால் படத்தில் கோடுதான் விழும். ஸ்டார்முக்கு இன்னொரு சிக்கல். சாயங்கள் ஒழுங்காகக் கண் சிமிட்ட வேண்டுமென்றால் வழக்கமான செய்முறையில் கரைசலிலிருந்து ஆக்சிஜனை எடுத்துவிடுவார்கள். ஆக்சிஜனை எடுத்துவிட்டு செல்லை நலமா என்று கேட்பது என்ன நியாயம்?

அதனால்தான் சேர்க்க வேண்டியிருக்கிறது. சேர்ப்பதில் ரெண்டு விதம் இருப்பதாக எனக்குப் படுகிறது. தத்துவங்களையே கலந்து புது முறை செய்வது ஒன்று. ரெண்டு முறைகளை ஒரே செல்லின் மேல் முறை வைத்துப் பயன்படுத்துவது இன்னொன்று.

முதல் விதத்துக்கு நல்ல உதாரணம் டாங் லீ, பெட்சிக் குழுவின் 2015 கட்டுரை. செல்லின் அடிப்பகுதியில் கண்ணாடியை ஒட்டிய மெல்லிய அடுக்கை மட்டும் ஒளிர வைக்கும் முறையைச் சிம்மோடு சேர்த்து, ஒளி வாங்கும் எண் 1.7 உள்ள லென்ஸைப் போட்டு 84 நானோமீட்டர் வரை போனார்கள். பிறகு பால்மிலிருந்து ஒரு யோசனையைக் கடன் வாங்கினார்கள். ஒளியால் விழித்து ஒளியால் தூங்கும் புரதத்தை வரிவரியாக எழுப்பினால், எழுப்பிய வரிகள் வழுவழுப்பாக இல்லாமல் ஓரம் கூர்மையாக அமையும். கூர்மையான ஓரம் என்றால் இன்னும் மெல்லிய வலை போட்ட மாதிரி. 62 நானோமீட்டர் கிடைத்தது, அதுவும் வடை லேசர் இல்லாமல், மென்மையான ஒளியில்.

ஹெல்லின் குழு 2016 கடைசியில் வெளியிட்ட மின்ஃப்ளக்ஸ் இன்னும் அழகு. வடையும் ஒற்றை விளக்கும் ஒன்றாகச் சேர்ந்தது அதில். ஒரே மூலக்கூறை எழுப்பி, இந்த முறை வடையை அணைக்க அல்ல, ஒளிர வைக்கவே பயன்படுத்துகிறார்கள். மூலக்கூறு சரியாக ஓட்டைக்குள் இருந்தால் ஒளிராது. கொஞ்சம் விலகினால் கொஞ்சம் ஒளிரும். வடையைச் சில இடங்களுக்கு நகர்த்தி, எங்கே வைத்தால் எவ்வளவு ஒளிர்கிறது என்று பார்த்து மூலக்கூறு இருக்கும் இடத்தைக் கணக்கிடுகிறார்கள். ஒளிராமல் இருப்பதே தகவல் என்பதால் ஃபோட்டான் செலவு மிகக் குறைவு, துல்லியம் ஒற்றை இலக்க நானோமீட்டரில். அந்தக் கட்டுரையில் உயிருள்ள பாக்டீரியாவுக்குள் அவர்கள் பின்தொடர்ந்த பொருள் எது தெரியுமா? அதே 30எஸ். சிதம்பரத்துக்காரர் படிகத்தில் அணு அணுவாகப் பார்த்தது, இங்கே ஓடிக்கொண்டிருக்கிறது. முந்தையதில் எல்லா அணுவும் தெரியும், ஓட்டம் தெரியாது. இதில் ஓட்டம் தெரியும், அணு தெரியாது.

ரெண்டாவது விதத்தில் எனக்கு ரொம்பப் பிடித்தது ஸ்டாக்ஹோமில் இலாரியா டெஸ்டா குழு 2022-ல் செய்தது. நரம்பு செல்லைச் சாதாரண ஒளிர்வில், குறைந்த வெளிச்சத்தில், கால்சியத்துக்காக மட்டும் கணினி கண்காணிக்கிறது. எங்காவது கால்சியம் பொங்கினால், நொடியில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்தில், அந்தச் சின்ன இடத்தில் மட்டும் ஸ்டெட்டை ஓடவிடுகிறது. மற்ற இடமெல்லாம் வடையே படாது. ராத்திரித் தோட்டக் காவலில் மாமா டார்ச்சை எப்போதும் எரிய விடுவதில்லை. சத்தம் கேட்டால் அந்தப் பக்கம் மட்டும் அடிப்பார். பன்றி பயப்படாது, பேட்டரியும் தீராது.

இதெல்லாம் கோடிக்கணக்கில் விலையுள்ள கருவி, நம்மூரில் என்ன என்று கேட்பவர்களுக்காக ஒரு பழைய கதை. நம்ம பக்கத்தில், பெங்களூரில் நடந்தது. தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் சத்யஜித் மேயர், ரஜத் வர்மாவோடு 1998-ல் நேச்சரில் எழுதிய கட்டுரை. அப்போது ஸ்டெட் வெறும் யோசனை, பால்ம் பிறக்கவே இல்லை.

கேள்வி இது. செல்லின் மேல்தோலில் கொழுப்பு நங்கூரத்தால் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு வகைப் புரதங்கள் உண்டு. அவை தனித்தனியாகச் சிதறிக் கிடக்கின்றனவா, சின்னச் சின்னக் கூட்டமாக இருக்கின்றனவா? கூட்டம் இருந்தாலும் 200 நானோமீட்டருக்கு மிகக் கீழே. படம் எடுத்துப் பார்க்க வழியே இல்லை.

அவர்கள் படத்தை நம்பவில்லை, ஒளியின் திசையை நம்பினார்கள். ஒரே திசையில் அதிரும் ஒளியைக் கொடுத்தால், மூலக்கூறு திரும்பிவிடாத வரை, திருப்பித் தரும் ஒளியும் ஏறக்குறைய அதே திசையில் அதிரும். ஆனால் பத்து நானோமீட்டருக்குள் அதே மாதிரி இன்னொரு மூலக்கூறு இருந்தால், வாங்கிய சக்தியை அதற்குக் கைமாற்றிவிடும். அது வேறு பக்கம் பார்த்து நிற்பதால் வேறு திசையில் ஒளி விடும். சங்கரன்கோவில் ஆடித்தபசுக் கூட்டத்தில் ஒருவரிடம் வழி கேட்கிறீர்கள். தனி ஆள் என்றால் உங்களைப் பார்த்தே பதில் சொல்வார். பக்கத்தில் சொந்தக்காரர் இருந்தால் "ஏங்க, இவிய கேக்காவ" என்று அவரிடம் தள்ளிவிடுவார், அவர் எங்கேயோ பார்த்துக்கொண்டு பதில் சொல்வார். பதில் வரும் திசை கலைந்திருந்தால், பக்கத்தில் ஆள் இருக்கிறது.

ஆனால் நெரிசலில் யார் பக்கத்திலும் யாராவது இருப்பார்களே? அதற்குத்தான் அடர்த்தியை மாற்றிப் பார்த்தார்கள். புரதங்கள் தாறுமாறாகச் சிதறியிருந்தால், கூட்டம் குறையக் குறையத் திசைக் கலைவும் குறைய வேண்டும். குடும்பம் குடும்பமாக இருந்தால், கூட்டம் கலைந்து திடல் காலியானாலும் அப்பா அம்மா பிள்ளை சேர்ந்துதான் நிற்பார்கள், கலைவு மாறாது. மாறவில்லை. தோலிலிருந்து கொலஸ்ட்ராலை எடுத்துவிட்டபோது அந்தக் குடும்பங்கள் பிரிந்தன. உயிருள்ள செல்லில், வடை இல்லாமல், கோடி வெயில் இல்லாமல்.

2004-ல் அதே குழு அளவைச் சொன்னது. இந்தப் புரதங்களில் 20 முதல் 40 சதவீதம் வரை நாலு பேருக்கு மிகாத சின்னக் கூட்டங்களில் இருக்கின்றன, மற்றவை தனி. 2008-ல் இன்னொரு திருப்பம். கூட்டங்கள் தானாகச் சேர்வதில்லை, தோலுக்கு அடியில் ஓடும் ஆக்டின் இழைகள் இழுத்துச் சேர்க்கின்றன என்று காட்டினார்கள். இதற்குக் கணக்குப் போட்டவர் மதன் ராவ், அப்போது ராமன் ஆய்வு நிறுவனத்தில் இருந்த இயற்பியலாளர். இடையில் இது சம்பந்தமாக இன்னொரு கண்ணும் சேர்ந்தது. பார்சிலோனாவிலும் நைமெகனிலும் இருந்த வேறொரு குழு 2009-ல், மிக மெல்லிய ஒளி முனையைச் செல்லின் தோலுக்கு நானோமீட்டர் நெருக்கத்தில் வைத்து வருடும் முறையில், நிலைப்படுத்திய செல்லில் இந்தப் புரதங்களின் நானோ கூட்டங்களை நேரடியாகப் பார்த்தது. ஒன்று உயிருள்ள செல், படம் இல்லை. இன்னொன்று படம் உண்டு, உயிர் இல்லை. ரெண்டும் கூட்டம் உண்டு என்றே சொன்னதால் நம்பிக்கை கூடியது. சாதனங்களை ஒரே மேசையில் பூட்டுவது மட்டும்தான் சேர்க்கை என்று நினைக்கிறவர்கள் இந்தக் கட்டுரைகளை ஒரு முறை படித்துவிட வேண்டும். என் மூணு மாசத்துக்கு முன்னால் நான் படித்திருக்க வேண்டியது.

இப்போது நான் செய்வது ரொம்பச் சாதாரணம். செல்லை முதலில் சிம்மில், குறைந்த வெளிச்சத்தில், அரை மணி நேரம் பார்க்கிறேன். மைட்டோகாண்ட்ரியா எப்போது கிள்ளிக்கொள்கிறது, எவ்வளவு அடிக்கடி, எல்லாம் அதில் தெரிந்துவிடும். சுவாரசியமான இடம் வந்ததும் ஸ்டெட்டுக்கு மாறி ஒரே ஒரு படம், மிஞ்சினால் ரெண்டு. பச்சைச் சாயத்தையும் 592 நானோமீட்டர் வடையையும் விட்டுவிட்டு, சிவப்புச் சாயமும் 775 வடையும். அந்தப் படத்துக்குப் பிறகு அந்தச் செல் கணக்கில் கிடையாது, அதன் பிறகு அது என்ன செய்தாலும் நான் எழுதிக்கொள்வதில்லை. ஒவ்வொரு தட்டிலும் லேசர் படாத ஒரு மூலையை ஒதுக்கி வைத்து, கடைசியில் அதையும் எண்ணுகிறேன். இது போக, வடையை மட்டும் அடித்துப் படம் எடுக்காத தட்டு ஒன்று, சாயம் போடாமல் லேசர் மட்டும் அடித்த தட்டு ஒன்று. எந்தக் காயம் எதனால் என்று பிரித்துப் பார்க்க வேறு வழி இல்லை.

இதில் நஷ்டம் இருக்கிறது, மறைக்கவில்லை. கிள்ளுகிற அந்த நிமிஷத்தில் உள்மடிப்பு எப்படி இருக்கிறது என்பதற்கு எனக்கு ஒரு செல்லுக்கு ஒரு படம்தான். தொடர் படம் கிடையாது. நூறு செல்லில் நூறு ஒற்றைப் படங்களை எடுத்து, நேர வரிசையில் அடுக்கி, அதிலிருந்து ஒரு செல்லின் கதையை ஊகிக்க வேண்டும். பழைய முறையில் ஒரு வாரத்தில் முடிந்த வேலைக்கு இப்போது ரெண்டு மாசம் ஆகிறது. என் பழைய அட்டவணையில் "ரெண்டு நிமிஷம்" என்று இருந்த இடத்தில், வெளிச்சம் படாத செல்களில் அரை மணி நேரம் பார்த்தும் பெரும்பாலான நூல்கள் நூலாகவே இருக்கின்றன.

மாமாவிடம் இதில் பாதியைத்தான் சொன்னேன். கேட்டுவிட்டு, "அப்போ அந்த மூணு மாசச் சம்பளம்?" என்றார். வந்துருச்சு மாமா என்றேன். "அது போதும்"ன்னு எழுந்து மடை மாற்றப் போய்விட்டார். நான் போனில் அந்தப் பச்சைப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அது அந்தப் பழைய தொடரின் முதல் படம், லேசர் பட்டு ஒரு நொடிகூட ஆகியிருக்காது. நூல்கள் இன்னும் நீளமாகத்தான் இருந்தன.